சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிய டிராக்டர்

பனி கரைந்து மூன்று வாரமாகிறது. இன்னும் எங்கேயாவது உட்கார்ந்திருக்கும்போது என் வலது கால் தானாக மேலே எழும்புகிறது. பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், சாப்பாட்டு மேசையில். எதையோ அழுத்திக்கொண்டிருந்த கால், அதை உடனே விட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுவதுபோல. மகள் அதைக் கவனிக்கிறாள். 

தென்கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன். முதல் ஒன்பது வருடம் வார்டுகளில் துப்புரவு வேலை. பிறகு வெளி வளாகத்தைப் பராமரிக்கும் பகுதிக்கு மாறினேன். புல் வெட்டுவது, இலை கூட்டுவது, குளிர்காலத்தில் பாதைகளுக்கு உப்புப் போடுவது. ஊரில் விஞ்ஞானம் படித்து நான்கு வருடம் படிப்பித்தவள் நான். அதை இங்கே ஆரம்பத்தில் எல்லோரிடமும் சொன்னேன். பிறகு அலுத்துவிட்டது.

டிராக்டர் ஓட்டும் பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று மேற்பார்வையாளர் கேட்டபோது நான் கை தூக்கினேன். துணிச்சலால் அல்ல. மற்றவர்களுக்கு ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். டிராக்டர் ஓட்டுபவருக்கு எப்போதும் அதிகாலை வேலை, பகல் ஒரு மணிக்கு முடிந்துவிடும். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் வீட்டில் இருக்கலாம். அவளுக்குப் பதினாறு வயது. நான் வீட்டில் இருப்பது அவளுக்குத் தேவையில்லை, எனக்குத்தான் தேவை. அவள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்கும்வரை எனக்கு மூச்சு முழுதாக இறங்காது. ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை. ஒன்றும் நடந்ததில்லை. நடந்துவிடும் என்று எண்ணியே இத்தனை வருடம் ஓடிவிட்டது.

எங்களிடம் முன்பு இருந்தது கூரையில்லாத பழைய டிராக்டர். யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் பத்து வருடம் அதை ஓட்டினார். குளிரில் நடுங்கி நடுங்கி முதுகு கெட்டுப்போய், இனி ஏலாது என்று இறங்கி, எங்களோடு இலை கூட்ட வந்தவர். அந்த வண்டியும் அவரோடு சேர்ந்து ஓய்ந்தது. இலையுதிர் காலத்தின் முடிவில் புது வண்டி வந்தது. நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட அறை. உள்ளே ஹீட்டர். முன்னால் பனியைத் தள்ளும் அகலமான இரும்புத் தகடு, பின்னால் உப்புத் தூவும் தொட்டி, கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு. கதவைச் சாத்தினால் வெளியே நடப்பது படம் மாதிரித் தெரியும், சத்தம் வராது. ஓட்டுவதும் சுலபம். வலது காலுக்குக் கீழே ஒரு பெடல். அழுத்தினால் வண்டி போகும், காலை எடுத்தால் தானாக நிற்கும். இடது பக்கம் பிரேக் இருந்தாலும் அதற்கு அநேகமாக வேலை வராது.

முதல் நாள் சாவியை வாங்கிக்கொண்டு படியில் கால் வைக்கப் போனபோது, உள்ளே விரித்திருந்த கறுப்பு றப்பர் விரிப்பைப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை. இருக்கையில் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது. என் காலில் சேறு அப்பிய வேலைச் சப்பாத்து. யோசிக்கவே இல்லை. வீட்டு வாசலில் செய்வதுபோலக் குனிந்து இரண்டையும் கழற்றினேன். ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து, அவற்றை உள்ளே வலது பக்கம் ஓரமாக வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஏறி உட்கார்ந்தேன்.

அண்ணை டிராக்டர் கொட்டகை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"உதென்ன தங்கச்சி, கோயிலே? சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுறீர்."

"புதுசு அண்ணை. பாழாகிப்போம்."

"அப்ப ஒரு சாம்பிராணியும் கொளுத்தும். நான் பத்து வரியம் மழைக்கை இருந்து ஓட்டினனான். எனக்கு ஆரும் ஒரு குடை பிடிக்கேல்லை."

"உங்கடை வண்டிக்குள்ளை கழுவ என்ன இருந்தது? மழையே கழுவிப்போட்டுதே."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த வழக்கம் அப்படியே நின்றுவிட்டது. குளிர்காலத் தொடக்கத்தில் பாதைகளுக்கு உப்புத் தூவவும் விழுந்த கிளைகளை ஒதுக்கவும் அந்த வண்டியில் ஏறினேன். ஒவ்வொரு முறையும் கழற்றினேன். பயிற்சியின் முடிவில் எங்களுக்கு ஒரு சிறிய பரீட்சை வைத்தார்கள். ஓட்டுபவரின் காலடியில் எந்தப் பொருளும் இருக்கக் கூடாது என்பது சரியா பிழையா என்று அதில் ஒரு கேள்வி. சரி என்று அடையாளம் போட்டு முழுப் புள்ளி வாங்கியவள் நான். காலடியில் கிடக்கும் பொருள் என்றால் போத்தல், கருவி என்றுதான் நினைத்தேன். சப்பாத்தை நான் ஒரு பொருளாக நினைக்கவில்லை.

லண்டனில் பனி அத்தனை விழுவதில்லை. சில வருடம் விழாமலே போய்விடும். விழுந்தால் ஊரே நின்றுவிடும். அன்று விடிவதற்குள் கணுக்கால் ஆழத்துக்குக் கொட்டியிருந்தது. நாலு மணிக்கே கூப்பிட்டுவிட்டார்கள். அம்புலன்ஸ் பாதை, பிறகு அவசரப் பிரிவு வாசல், பிறகு டயலிசிஸ் செய்ய வருகிறவர்களின் பாதை. தள்ளி முடித்த இடத்தில் மறுபடி விழுந்தது. அறைக்குள் சூடாக இருந்தது. சூட்டில் கண் சொருகியது. அவ்வப்போது ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டு ஓட்டினேன்.

எட்டரைக்கு மகள் போன் எடுத்தாள். பள்ளிக்கூடம் மூடியாயிற்று. கணவருக்கு இரவு வேலை. ரெயில் ஓடாததால் அவர் வேலையிடத்திலேயே மாட்டிக்கொண்டார். அவள் வீட்டில் தனியே.

"நான் படுக்கப் போறன் அம்மா. ஒரு நாளாவது நித்திரை கொள்ள விடுங்கோ."

"தனிய இருக்க வேண்டாம். இஞ்சை வா. கன்டீனிலை இருந்து படி, நான் ஒரு மணிக்கு முடிச்சிட்டு வாறன்."

"வீட்டிலை இருந்தால் என்ன நடக்கும்?"

"வா எண்டால் வா குஞ்சு."

அவள் பெருமூச்சு விட்டது போனில் கேட்டது. வைக்குமுன் நான் இன்னொன்றும் சொன்னேன். நடைபாதை இன்னும் வழித்து முடியவில்லை, வழுக்கும், மேல் வாசலால் உள்ளே வந்ததும் நான் வழித்துவிட்ட ரோட்டால் நடந்து வா என்றேன்.

மேல் வாசலிலிருந்து கன்டீன் வரைக்கும் வண்டிப் பாதை ஒரு சரிவு. ஒன்பதரை மணியளவில் அதை மூன்றாவது முறை வழிக்க மேலே திருப்பிக்கொண்டு இறங்கினேன். பாதி வழியில் அவளைக் கண்டேன். பச்சை ஜக்கெட், தலையை மூடிய தொப்பி, முதுகில் புத்தகப் பை. சொன்னபடி ரோட்டின் நடுவால், வழித்த இடத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். வந்துவிட்டாள் என்று மூச்சு முழுதாக இறங்கியது. நிறுத்திவிட்டு ஒரு தடவை கூப்பிடலாம் என்று பெடலிலிருந்து காலை எடுத்தேன்.

வண்டி நிற்கவில்லை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. சரிவு என்பதால் கொஞ்சம் தள்ளி நிற்கும் என்று நினைத்தேன். அது அதே வேகத்தில் போனது. இடது காலால் பிரேக்கைத் தேடினேன். படியில் கிடந்த பனியில் ஏறி இறங்கியதில் காலுறை நனைந்திருந்தது. கால் பிரேக்கில் பட்டு வழுக்கி விழுந்தது. இரண்டாவது முறையும் வழுக்கியது. அவளைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லி, பிறகு பெயரில்லாமல். கண்ணாடிக்குள் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. ஹோர்ன் இருப்பது நினைவுக்கு வரவில்லை. என் இருக்கையிலிருந்து பார்க்க, தகட்டின் விளிம்பு அவளுடைய பையை எட்டிவிட்டதுபோல இருந்தது.

வலது பக்கச் சுவரோரம் காலையிலிருந்து நான் தள்ளிக் குவித்த பனி, மலைபோலக் கிடந்தது. ஸ்டியரிங்கை முழுதாக அந்தப் பக்கம் சுற்றினேன். தகடு குவியலுக்குள் போய் மோதியது. வண்டியின் சில்லுகள் நின்ற இடத்திலேயே சுற்றின. அப்போதுதான் கை சாவியைக் கண்டுபிடித்தது. திருப்பினேன். எல்லாம் நின்றது.

கீழே பார்த்தேன். வலது சப்பாத்து சரிந்து விழுந்திருந்தது. அதன் முனை பெடலின் மேலே, குதி இருக்கையின் அடிச்சட்டத்தில். முட்டுக்கொடுத்து வைத்ததுபோல அப்படிக் கச்சிதமாக நின்றது. சமதரையில் ஒருநாளும் விழாத சப்பாத்து. அதை இழுத்தெடுத்து இரண்டையும் போட்டுக்கொண்டேன். நாடாவைக் கட்டாமலே இறங்கினேன்.

மகள் இயந்திரம் மோதிய அதிர்வில்தான் திரும்பியிருக்கிறாள். தொப்பியைப் பின்னால் தள்ளி, காதிலிருந்து ஹெட்போனை இறக்கினாள். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? இதுவே உங்கடை பார்க்கிங்?"

அவளைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் அவளை ஏசினேன்.

"கண் தெரியாதே உனக்கு? காதுக்குள்ளை உதைச் செருகிக்கொண்டு நடு ரோட்டிலை போறாய். பின்னாலை என்ன வருகுது எண்டு பாக்கத் தெரியாதே?"

"நீங்கள்தானே ரோட்டாலை வரச் சொன்னனீங்கள்."

"வாய் காட்டாதை. ஹெட்போனை இனி ரோட்டிலை போட்டுப் பார்."

அங்கே நின்ற இரண்டு தாதிமார் திரும்பிப் பார்த்தார்கள். அவளுடைய முகம் சிவந்தது. கன்டீன் பக்கம் நடந்தாள், இந்த முறை வழிக்காத நடைபாதையில், வழுக்கி வழுக்கி.

மேற்பார்வையாளர் வந்தார். ஓய்வு பெறும் வயதை எட்டிய வெள்ளைக்காரர், நல்ல மனிதர். தகட்டின் ஒரு முனை வளைந்து, அதைப் பிடித்திருந்த ஓர் ஆணி முறிந்திருந்தது. என்ன நடந்தது என்று கேட்டார். பெடல் மேலே வராமல் பிடித்துக்கொண்டது என்றேன். அது பொய் இல்லை. அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. யாருக்கும் அடிபட்டதா என்றார். இல்லை என்றேன். புது வண்டியில் இப்படியா என்று தலையை ஆட்டிக்கொண்டு, ஓட்டக் கூடாது என்ற சிவப்புத் தாளை ஸ்டியரிங்கில் ஒட்டினார். விற்றவர்களுக்குப் போன் பண்ணினார். அவர்களுடைய மெக்கானிக் நாளைக்கு மறுநாள்தான் வருவார். என்னிடம் ஒரு படிவத்தைத் தந்து, விபத்து நடக்கப் பார்த்து நடக்காமல் போனதையும் எழுதத்தான் வேண்டும், காலையில் தா என்றார்.

ஆகவே அன்று மிச்ச வேலையை எல்லோரும் கையால் செய்தோம். ஐந்து பேரும் மண்வெட்டியோடு. அண்ணையும்தான். மூன்று முறை அள்ளுவார், ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கையை ஊன்றுவார்.

"நாரி விட்டுப் போச்சு" என்றார். பிறகு என் காலைப் பார்த்தார். "இண்டைக்குச் சப்பாத்தோடை இறங்கினீர்."

நான் பனியை அள்ளினேன்.

"ஏறேக்கை கழட்டினனீரோ?"

"ஓம் அண்ணை."

அவர் மண்வெட்டியைக் குத்தி நிறுத்தினார். பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆருக்கும் சொல்லிப்போடாதையும். மெஷின் எண்டால் பழுதாகும். அவன் வந்து பாத்திட்டு, ஒண்டும் இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போவான். அவ்வளவுதான் கதை. நீர் போய்ச் சொன்னீர் எண்டால் திரும்ப உம்மை அதிலை ஏத்தாங்கள். ஆரும் சாகேல்லைத்தானே."

அந்தக் கடைசி வார்த்தையோடு எனக்கு மண்வெட்டியைத் தூக்க முடியாமல் போனது. குளிர் என்று சொல்லி உள்ளே போய்க் கழிப்பறையில் நின்றேன். 

வீட்டுக்கு நடக்கும்போது மகள் ஒரு எட்டு முன்னால் போனாள். பின்னேரம் புட்டவித்து, முதல் நாள் மீன் குழம்பைச் சூடாக்கினேன். கணவர் வந்து, சாப்பிடாமலே படுத்துவிட்டார். நாங்கள் இருவரும் மேசையில் உட்கார்ந்தோம். அவள் ஹெட்போனைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சொறி அம்மா. பாட்டுக் கேட்டுக்கொண்டு வந்தது என்ரை பிழைதான். இனி ரோட்டிலை போடமாட்டன். நீங்கள் வைச்சிருங்கோ."

நான் புட்டைப் பிசைந்தேன். பிசைந்துகொண்டே இருந்தேன். பரவாயில்லை என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அன்று நடந்ததில் எனக்கு அதிகம் கூசுவது அந்தச் சொல்தான். அவள் மன்னிப்புக் கேட்க, நான் மன்னித்தேன்.

சாப்பாடு முடிந்து படிவத்தை எடுத்தேன். என் ஆங்கிலம் மோசமில்லை. ஆனாலும் கவுன்சிலுக்கு ஒரு கடிதமோ, வேலையிடத்துக்கு ஒரு படிவமோ, எதுவானாலும் அனுப்புமுன் மகள் ஒருமுறை வாசிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பத்து வயதிலிருந்து அவள்தான் பார்க்கிறாள். இடையில் விட்டுப்போகும் சின்னச் சொற்களை எழுதிவிட்டுப் பேனையை நீட்டுவாள். அன்று நான் அதை ஒளித்து எழுதியிருக்கலாம். மேசையிலேயே எழுதினேன். பெடல் இறுகிக்கொண்டது. சரிவில், ரோட்டில், ஹெட்போன் அணிந்த ஒரு பாதசாரி இருந்தார். வண்டியைப் பனிக் குவியலுக்குள் திருப்பி நிறுத்தினேன். நான்கு வரி. தட்டுகளைக் கழுவ எழுந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அவள் பேனையோடு அதை வாசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

குழாயைப் பூட்டினேன்.

"இந்தப் பாதசாரி நானே?"

"ஓம்."

"அப்ப நீங்கள் பார்க் பண்ணப் போய் ஸ்னோவுக்குள்ளை விடேல்லை."

"இல்லை. நிப்பாட்ட ஏலாமல் போட்டுது."

சப்பாத்தைப் பற்றிச் சொன்னேன். 

"எவ்வளவு கிட்ட?"

நான் கையை நீட்டிக் காட்டப் பார்த்தேன். பிறகு சொன்னேன், இந்த மேசையிலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் இருக்கும் என்று. அவள் எழுந்து போய்ப் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றாள், எனக்கு முதுகைக் காட்டி. நான் மேசையில் இருந்தேன். எங்கள் குசினி சின்னது.

திரும்பாமலே கேட்டாள். "அப்ப ஏன் என்னை ஏசினீங்கள்?"

"பயத்திலை."

"பயம் எண்டால் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். நான் கன்டீனிலை இருந்து அழுதனான். என்ரை பிழை எண்டு நினைச்சு."

 அவள் மேசைக்கு வந்து, ஹெட்போன் என்ற சொல்லை ஒரு கோடு போட்டு வெட்டினாள். பேனையை என் பக்கம் நீட்டினாள்.

"சப்பாத்தை எழுதுங்கோ."

"எழுதினால் என்னை டிராக்டரிலை ஏத்தாயினம். ஷிப்ட் பழையபடி மாறும். நீ பள்ளிக்கூடத்தாலை வரேக்கை நான் வீட்டிலை இருக்கமாட்டன்."

"என்னட்டை வீட்டுத் திறப்பு இருக்குது அம்மா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போன ஒரு பெரிய மனுசி சொல்வதுபோலச் சொன்னாள்.

புதுத் தாளில் எழுதினேன். சப்பாத்தைக் கழற்றியது, எங்கே வைத்தது, எத்தனை தடவை அப்படிச் செய்தது. பாதசாரி என்ற இடத்தில் என் மகள் என்று எழுதினேன். அவள் வாசித்துவிட்டு எதையும் திருத்தாமல் மேலே போனாள்.

காலையில் மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை வாசித்தார். எதற்காகக் கழற்றினாய் என்று கேட்டார். வண்டி புதிது என்பதால் என்றேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். உள்ளே இத்தனை துப்புரவாக வைத்திருக்கிறாளே என்று நான் மற்றவர்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன், எப்படி என்று ஒருநாளும் கேட்கவில்லை என்றார். பிறகு சாவிக்குக் கையை நீட்டினார். வசந்த காலத்தில் மறுபடி பயிற்சி, மறுபடி பரீட்சை. அதுவரை வேறொருவர் ஓட்டுவார். மெக்கானிக்கை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, வளைந்த தகட்டுக்கு மட்டும் ஆள் கேட்டார். அண்ணை என்னோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு தேநீரைக் கொண்டுவந்து தந்துவிட்டு, "விசர்தான் உமக்கு" என்றார். பைத்தியக்காரி என்று திட்டியதோடு அவருடைய கோபம் தீர்ந்தது.

இந்த மாதம் எனக்குப் பின்னேர ஷிப்ட். நாலு மணிக்கு, அவள் வீடு சேரும் நேரத்தில், நான் அந்தச் சரிவில் மிச்ச உப்பையும் மண்ணையும் கூட்டிக்கொண்டு நிற்பேன். போன் எடுத்து வந்துவிட்டாயா என்று கேட்பேன். வந்திட்டன் என்பாள். வழக்கமாக அந்தச் சொல்லோடு வைத்துவிடுவாள்.

நேற்று வைக்கவில்லை.

"அம்மா, இப்ப எங்கை நிக்கிறியள்?"

"சரிவிலை. கூட்டுறன்."

"ரோட்டிலையோ, நடைபாதையிலையோ?"

கீழே பார்த்தேன். ரோட்டில்தான் நின்றேன். கூட்டும் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு ஓரத்துக்கு ஏறினேன்.

"நடைபாதையிலை" என்றேன்.

"சரி" என்றாள். ஆனால் போனை வைக்கவில்லை. புது டிராக்டர் மேலே இருந்து இறங்கி என்னைத் தாண்டிப் போகும்வரை, இருவரும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.